ஞானசீலியக்காவின் கட்டம்

பெற்றோல் இல்லாத அந்த வருசம்
நாலு தேவாலயங்களுக்கு ஒரேயொரு போதகர்
வவுனியாவில் தன் குசினி மேசையில்
மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு
எங்கள் கைபேசிகளுக்குள் வந்து இருந்தார்.
வட்டக்கச்சியில் நான் வாசல்காரன்.
வருகிறவர்களை உள்ளே விடுவதும்
மைக்கை நிறுத்துவதும் என் ஊழியம்.

முதல் ஞாயிறு எல்லாரும் ஒன்றாய்ப் பாடினோம்.
சுகிர்தமலர் மூன்றாம் அடியில் நிற்க
கட்டாரில் டெனிஸ்ரன்
முதலடியை அப்போதுதான் எடுத்தான்.
கண்டாவளையில் யாரோ வீட்டு நாய்.
"தம்பி, எல்லாற்ற மைக்கையும் நிப்பாட்டும்."
நிறுத்தினேன்.
அதன்பிறகு அவரவர் குரல் அவரவருக்கு.
மற்ற வாய்கள் சும்மா திறந்து மூடின,
வாளிக்குள் விட்ட ஜப்பான் மீன்கள் மாதிரி.

ஒன்று சொல்லவேண்டும்.
நாலு வருசம் ஞானசீலியக்காவுக்குப் பின்வாங்கில் இருந்தவன் நான்.
எனக்குத் தெரிந்தது அவவின் கொண்டை,
அதில் குத்திய கறுப்பு ஊசி.
முகத்தை முதன்முதலாய்ப் பார்த்தது
பெருவிரல் அகலக் கட்டமொன்றில்.
அதுவும் ஒரு கிழமைதான்.
டேட்டா முடியுதென்று கமராவை நிறுத்திவிட்டா.
நிறுத்தினால் அவ இருந்த இடத்தில்
ஒரு பொடியன் வருவான்.
பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி, ஒருபக்கம் வாரிய தலை.
ஆரென்று ஒருவரும் கேட்கவில்லை.
அந்த வயதில் நின்றுபோன படங்கள்
எங்களில் பாதிப்பேர் வீட்டில் இருக்கின்றன.
விசுவாசப்பிரமாணத்திலும்
காணிக்கை அறிவித்தலிலும்
இமைக்காமல் எங்களோடு இருந்தான்.

அவனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மிசின்.
மிளகாய்க்கு இறைக்கிற மண்ணெண்ணெய் மிசின்,
டபடபவென்று பிரசங்கத்துக்கு மேலால் ஓடும்.
மூன்று கிழமையும், கட்டம் தெரிந்தவுடனேயே
அதை நிறுத்தியது நான்.

நாலாம் கிழமை, மன்றாட்டு நேரம்,
எல்லாரையும் திறந்துவிட்டேன்.
கோழி கேட்டது. பிள்ளை அழுதது.
எபனேசர் இருமினார்.
பொடியன் இருந்தான்.
மிசின் இல்லை.
ஆசீர்வாதம் முடிந்து எல்லாரும் கழன்ற பிறகும்
அந்த ஒரு கட்டம் போகவில்லை.
அவனும் நானும்.
"அக்கா? அக்கா, கேக்குதோ?"

ஊரியானுக்குச் சைக்கிளில் நாற்பது நிமிடம்.
கைபேசி வரம்பில், ஒரு பனம்மட்டையில் சாய்ந்திருந்தது.
அக்கா கிணற்றடியில்
வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு.
பாதிக் கன்று சுருண்டுவிட்டது.
"மண்ணெண்ணெய் முடிஞ்சு ஒன்பது நாள்.
வரிசையில போய் நிண்டா ஆர் இறைக்கிறது?
நான் கேக்காட்டிலும்
மிளகாயாவது கேக்கட்டுமெண்டு விட்டனான்."
"சொல்லியிருக்கலாமே அக்கா."
"போன ஞாயிறு சொன்னனான்.
நீர்தான் என்ர வாயை அடைச்சு வைச்சிருந்தனீர்."

திங்கட்கிழமை வந்தார்கள்.
சுகிர்தமலரின் இடுப்பில் பிள்ளை,
கையில் சோடாப்போத்தல், அதில் கால்வாசி,
விளக்குக்கென்று ஒளித்துவைத்தது.
எபனேசர் யோகட் கோப்பையொன்றை
சிந்தாமல் அரை மைல் நடத்திக்கொண்டு வந்தார்.
"நீரோ சுகிர்தமலர்? இவ்வளவு உயரமோ?"
அக்கா சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.
டெனிஸ்ரன் காசு அனுப்பினான்.
காசுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை.
அந்தக் காசை என்ன செய்வதென்று இன்னும் தெரியாது.

மிசின் பிடிக்க முதலில் ஒரு மூடி பெற்றோல் வேண்டும்.
என் மோட்டார்சைக்கிளில்
அவசரத்துக்கென்று ஒரு லீற்றர் கிடந்தது.
எந்த அவசரத்துக்கென்று
அதுவரை நான் யோசித்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பிரசங்கம்
சமாரியப் பெண்ணைப் பற்றி என்று நினைக்கிறேன்,
வடிவாய்க் கேட்கவில்லை.
டபடப. டபடபடப.
போதகர் இடையில் நிறுத்தினார்.
"தம்பி, அது என்ன சத்தம்? நிப்பாட்டேலாதோ?"
விரல் பழக்கத்தில் போய்விட்டது.
பொடியனைப் பார்த்தேன்.
"ஏலாது ஐயா," என்றேன்.
"தண்ணி போகுது."